விடுபட்ட இரண்டு உறுப்புகள்: ஆலிவர் ஹெவிசைட் வாழ்க்கை

போன பருவத்தில் நடுத்தேர்வுத் தாள் கைக்குத் திரும்பி வந்தபோது ஏழாவது கேள்வியைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு பெரிய வட்டம் இருந்தது. எட்டு மதிப்பெண் கேள்வி. எனக்குக் கிடைத்தது இரண்டு. மின்னியல் பொறியியலில் இரண்டாம் ஆண்டு படிக்கும் எனக்கு வெக்டர் நுண்கணிதம் கட்டாயப் பாடம். அதில் தவறினால் அடுத்த ஆண்டு மின்காந்தவியல் எடுக்க முடியாது.

கேள்வி இதுதான். இரண்டு வெக்டர்களின் குறுக்குப் பெருக்கலுக்குக் கர்ல் எடுத்து விரித்து எழுத வேண்டும். எனக்கு ஒரு சூத்திரம் மனப்பாடமாகத் தெரியும். மூன்று வெக்டர்களுக்கு நம் எழுத்துகளையே பெயராக வைத்தால் அது இப்படி வரும்:

அ × (ஆ × இ) = ஆ (அ · இ) − இ (அ · ஆ)

அந்த அ இருக்கும் இடத்தில் நாப்லா என்ற தலைகீழ் முக்கோணத்தைப் போட்டேன். ஆ (∇ · இ) − இ (∇ · ஆ) என்று இரண்டு உறுப்புகள் வந்தன. அடிக்கோடு போட்டு முடித்துவிட்டேன். சரியான விடையில் நான்கு உறுப்புகள் இருக்க வேண்டும். இரண்டு எங்கே போயின என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று இரவு வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து, வேறு துறைக்கு மாறலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். அப்பா முப்பது ஆண்டுகள் தொலைபேசிக் கம்பி பழுது பார்த்தவர். கணக்கைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. தம் வேலையைப் பற்றிப் பேசினார். நீண்ட தூரத்துச் செம்புக் கம்பிகளின் நடுவே, நிலத்தடிக் குழிகளில், லோடிங் காயில் என்ற சுருள்கள் இருக்குமாம். அவை இருந்தால்தான் தூரத்து வீட்டுக்குப் பேச்சுத் தெளிவாகக் கேட்குமாம். பின்னர் அதே கம்பியில் இணையச் சேவை வந்தபோது அவற்றைக் கழற்ற வேண்டியிருந்ததாம், அதிவேகச் சமிக்ஞைகளை அந்தச் சுருள்கள் மறித்துவிடும் என்பதால். கம்பியைச் சுருட்டி நடுவில் வைத்தால் பேச்சு ஏன் தெளிவாகிறது என்று தமக்குக் கடைசி வரை யாரும் சொல்லித் தரவில்லை என்றார். நீ படித்தால் சொல்வாய் என்று நினைத்தேன் என்று சொல்லிவிட்டுத் தங்கையிடம் தொலைபேசியைக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் நூலகத்துக்குப் போனேன். அப்பாவின் சுருளைத் தேடினால் ஒரு மனிதரின் பெயர் வந்தது. என் ஏழாவது கேள்வியைத் தேடினாலும் அதே பெயர்தான் வந்தது. அவர் ஆலிவர் ஹெவிசைட்.

பள்ளியோடு நின்ற படிப்பு

ஹெவிசைட் 1850ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் லண்டனின் கேம்டன் டவுன் பகுதியில் பிறந்தார். தந்தை மரச்செதுக்கு ஓவியம் செய்பவர். வசதியில்லாத குடும்பம். சிறு வயதில் வந்த செங்காய்ச்சல் ஆலிவரின் செவித்திறனைப் பாதித்தது. தெருவில் மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து விளையாட அவருக்குக் கடினமாக இருந்தது. தனிமை அப்போதே தொடங்கிவிட்டது.

15 வயதில் எழுதிய ஒரு பொதுத் தேர்வில், ஐந்நூறுக்கும் மேற்பட்ட மாணவர்களில் அவர் ஐந்தாவது இடம் பெற்றார். அறிவியலில் முதல் பரிசு. ஆனால் யூக்ளிட் வடிவியலில் மதிப்பெண் மிகக் குறைவு. வரிசையாக நிறுவல்களை ஒப்பிக்கும் பாடம் அவருக்குப் பிடிக்கவே இல்லை. இதைப் படித்தபோது, ஒரு நிமிடம் என் தாளை நினைத்துக் கொஞ்சம் ஆறுதலடைந்தேன் என்பதை மறைக்கவில்லை.

16 வயதில் பள்ளிப் படிப்பு நின்றது. பல்கலைக்கழகத்துக்கு அனுப்பக் குடும்பத்திடம் பணமில்லை. தாயின் சகோதரியை மணந்தவர் சார்ல்ஸ் வீட்ஸ்டன். மின்தந்தி முறையை உருவாக்கியவர்களில் ஒருவர். அந்தத் தொடர்பால் ஆலிவருக்குத் தந்தித் துறையில் வேலை கிடைத்தது. 1868இல் டென்மார்க்குக்குப் போனார். பிறகு இங்கிலாந்தின் நியூகாசல் நகரில் தந்தி இயக்குநராகப் பணியாற்றினார்.

அந்தக் கடலடித் தந்திக் கம்பிகளில் நம் மண்ணின் பங்கும் உண்டு. கடல்நீர் செம்பைத் தொடாமல் காத்தது குட்டா பெர்ச்சா என்ற மரப்பால். மலாய்த் தீவுக்கூட்டக் காடுகளில் வெட்டிய மரங்களிலிருந்து எடுத்து, சிங்கப்பூர்த் துறைமுகம் வழியாக ஏற்றுமதியானது அது.

டென்மார்க்குக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலான கம்பியில் ஒரு திசையில் தந்தி வேகமாகப் போனது. எதிர்த்திசையில் மெதுவாக வந்தது. கம்பி ஒன்றுதான். பிறகு ஏன் இந்த வேறுபாடு? மற்றவர்கள் அதை அன்றாடத் தொல்லையாக எடுத்துக்கொண்டார்கள். ஹெவிசைட் அதைக் கணக்காக எடுத்துக்கொண்டார்.

வேலையை விட்ட இளைஞர்

1873இல் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் மின்சாரத்தையும் காந்தத்தையும் பற்றி எழுதிய பெரிய நூல் வெளிவந்தது. ஹெவிசைட் அதைக் கையில் எடுத்தார், புரியவில்லை. பள்ளியில் படித்த அல்ஜீப்ராவும் முக்கோணவியலும் மட்டும்தான் அவரிடம் இருந்தன, அவற்றிலும் பாதி மறந்திருந்தது. ஆனாலும் அந்த நூலில் ஏதோ பெரியது இருக்கிறது என்று தெரிந்தது.

1874இல், 24 வயதில், வேலையை விட்டார். பெற்றோர் வீட்டுக்குத் திரும்பினார். அதன் பிறகு வாழ்நாளில் அவர் எந்தச் சம்பள வேலையிலும் சேரவில்லை. ஓர் அறையில் உட்கார்ந்து மேக்ஸ்வெலின் நூலைப் படித்தார். புரிந்துகொள்ளப் பல ஆண்டுகள் பிடித்தன. இதற்கிடையில் 1879இல் மேக்ஸ்வெல் 48 வயதில் இறந்துபோனார். நூலை எழுதியவரிடம் கேட்டுத் தெளியும் வழியும் அடைந்தது.

நம் வீடுகளில் ஒரு பிள்ளை இப்படிச் செய்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். என் உறவினர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

இருபது சமன்பாடுகள் நான்கானது

மேக்ஸ்வெல் தம் கொள்கையை 1865இல் வெளியிட்டபோது அதில் இருபது சமன்பாடுகள் இருந்தன. ஒவ்வொரு மின்புலத்துக்கும் மூன்று திசைகள் உண்டு. கிழக்கு மேற்குக்கு ஒன்று, வடக்குத் தெற்குக்கு ஒன்று, மேல் கீழுக்கு ஒன்று என்று எல்லாவற்றையும் தனித்தனியே எழுத வேண்டியிருந்தது.

இதைச் சுருக்க அப்போது ஒரு வழி இருந்தது. 1843 அக்டோபர் 16ஆம் நாள் டப்ளின் நகரில், கால்வாய்க்கரையில் நடந்துகொண்டிருந்த வில்லியம் ரோவன் ஹாமில்டனுக்குத் தோன்றிய குவாட்டர்னியன் முறை அது. நான்கு உறுப்புகள் கொண்ட எண்கள். அந்த முறையில் இரண்டு வெக்டர்களைப் பெருக்கினால் விடையில் இரண்டு பகுதிகள் ஒன்றாக ஒட்டிக்கொண்டு வரும். ஒன்று வெறும் எண், அதற்கு முன் ஒரு கழித்தல் குறி. மற்றது ஒரு வெக்டர்.

ஹெவிசைட் மேக்ஸ்வெலின் நூல் வழியாகத்தான் இந்த முறையை அறிந்தார். மின்சாரக் கணக்கு போடுபவருக்கு இந்த ஒட்டல் தேவையில்லை என்று அவருக்குப் பட்டது. ஒரு திசைவேகத்தை அதனாலேயே பெருக்கினால் எதிர்ம எண் வருவது இயற்பியலுக்குப் பொருந்தவில்லை. அவர் இரண்டையும் பிரித்துத் தனித்தனிப் பெருக்கல்களாக வைத்தார். இன்று நாம் படிக்கும் புள்ளிப் பெருக்கலும் குறுக்குப் பெருக்கலும் அவைதாம். அமெரிக்காவில் ஜோசாயா வில்லார்ட் கிப்ஸ் என்ற பேராசிரியரும் அதே காலத்தில் தனியாக அதே முடிவுக்கு வந்தார். நாம் போடும் புள்ளியும் பெருக்கல் குறியும் கிப்ஸ் தந்தவை. வெக்டர்களைத் தடித்த எழுத்தில் அச்சிடும் வழக்கத்தை நிலைநாட்டியவர் ஹெவிசைட்.

கர்ல் என்ற பெயர் மேக்ஸ்வெல் வைத்தது. அதைப் புரிந்துகொள்ள ஆற்றை நினைத்துக்கொள்ளுங்கள். நடு ஆற்றில் நீர் வேகமாக ஓடும், கரையோரம் மெதுவாக ஓடும். இடையில் ஒரு சிறு துடுப்புச் சக்கரத்தை வைத்தால் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் தள்ளப்பட்டு அது சுழலும். அந்த இடத்தில் சுழற்சி எவ்வளவு, எந்த அச்சில் என்று சொல்வது கர்ல். டைவர்ஜன்ஸ் என்பது அந்த இடத்தில் நீர் ஊற்றெடுக்கிறதா, உறிஞ்சப்படுகிறதா என்று சொல்வது.

1884, 1885ஆம் ஆண்டுகளில் ஹெவிசைட் மேக்ஸ்வெலின் கொள்கையை இந்த மொழியில் திருப்பி எழுதினார். மின்புலத்துக்கு ஒரு டைவர்ஜன்ஸ், ஒரு கர்ல். காந்தப்புலத்துக்கு ஒரு டைவர்ஜன்ஸ், ஒரு கர்ல். மொத்தம் நான்கு சமன்பாடுகள். இன்று உலகம் முழுவதும் மேக்ஸ்வெல் சமன்பாடுகள் என்ற பெயரில் பாடநூல்களில் இருப்பவை இந்த நான்குதாம். அவற்றை இந்த வடிவில் எழுதியவர் பட்டம் பெறாத, வேலையில்லாத, காது மந்தமான ஒருவர் என்பது என் பாடநூலில் எங்கும் இல்லை.

ஒரு சூத்திரம் செய்யும் வேலை

இந்தச் சுருக்கம் அழகுக்காக மட்டும் இல்லை. வெற்றிடத்தில், மாறும் காந்தப்புலம் மின்புலத்துக்குக் கர்லைத் தருகிறது. மாறும் மின்புலம் காந்தப்புலத்துக்குக் கர்லைத் தருகிறது. முதல் சமன்பாட்டுக்கு மீண்டும் ஒரு முறை கர்ல் எடுத்தால் என்ன ஆகும்? இடப்பக்கம் கர்லின் கர்ல் வருகிறது. இங்கேதான் நான் மனப்பாடம் செய்த சூத்திரம் வேலைக்கு வருகிறது:

∇ × (∇ × மி) = ∇ (∇ · மி) − ∇² மி

இதில் மி என்பது மின்புலம். வெற்றிடத்தில் மின்னூட்டம் இல்லை, ஆகவே டைவர்ஜன்ஸ் பூஜ்யம், முதல் உறுப்பு மறைந்துவிடும். வலப்பக்கத்தில் இரண்டாவது சமன்பாட்டைப் போட்டால் காந்தப்புலமும் மறைந்துவிடும். மிஞ்சுவது அலைச் சமன்பாடு. அதில் வரும் வேகத்தைக் கணக்கிட்டால் நொடிக்குச் சுமார் 300,000 கிலோமீட்டர். ஒளியின் வேகம். ஒளி ஒரு மின்காந்த அலை என்ற முடிவுக்கு மேக்ஸ்வெல் முன்பே வந்திருந்தார். ஹெவிசைட் அந்தப் பாதையை ஒரு மாணவர் அரைப் பக்கத்தில் நடந்து முடிக்கும்படி ஆக்கினார்.

1884ஆம் ஆண்டைச் சேர்ந்த இன்னொரு கண்டுபிடிப்பும் இப்படிப்பட்ட ஒரு சூத்திரத்தால் வந்தது. மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் குறுக்குப் பெருக்கல் செய்து, அதற்கு டைவர்ஜன்ஸ் எடுத்தால் இரண்டு உறுப்புகள் வரும். ஒன்றில் மின்புலத்தின் கர்ல், மற்றதில் காந்தப்புலத்தின் கர்ல். அவற்றுக்கு மேலே சொன்ன சமன்பாடுகளைப் பயன்படுத்தினால், ஆற்றல் எந்தத் திசையில் எவ்வளவு பாய்கிறது என்று தெரிந்துவிடும். விளக்குக்குப் போகும் ஆற்றல் செம்புக் கம்பிக்குள்ளே குழாய்நீர் போல ஓடுவதில்லை. கம்பியைச் சுற்றியுள்ள வெளியில் பாய்கிறது, கம்பி அதற்கு வழிகாட்டுகிறது. ஜான் ஹென்றி பாயின்டிங் இதைத் தனியாகக் கண்டு முதலில் வெளியிட்டதால் அவர் பெயரே நிலைத்தது.

நாப்லாவின் இரட்டை வேலை

இந்த இடத்தில்தான் என் தவறு எனக்குப் பிடிபட்டது. நாப்லா பார்ப்பதற்கு வெக்டர் போல நடந்துகொள்ளும். ஆனால் அது ஒரு வகையீடும் கூட. தனக்கு வலப்பக்கத்தில் உள்ள ஒவ்வொன்றும் எப்படி மாறுகிறது என்று அது கேட்கும். பெருக்கலில் இரண்டு வெக்டர்கள் இருந்தால் இரண்டிடமும் கேட்கும். பள்ளியில் படித்த பெருக்கல் விதிதான் இது.

ஆகவே இரண்டு சுற்று போக வேண்டும். முதலில் இ மாறாமல் இருக்கிறது என்று வைத்து, நாப்லா ஆ மேல் மட்டும் செயல்படட்டும். அப்போது சூத்திரம் (இ · ∇) ஆ − இ (∇ · ஆ) என்று தரும். அடுத்து ஆ மாறாமல் இருக்கட்டும். இப்போது ஆ (∇ · இ) − (ஆ · ∇) இ என்று வரும். இரண்டையும் கூட்டினால் நான்கு உறுப்புகள். ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று என, நான் விட்டவை இரண்டு. வெக்டர் விதியை மட்டும் நினைவில் வைத்து, நாப்லாவின் மறுபாதி வேலையை மறந்திருந்தேன்.

மறுக்கப்பட்டவர்

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். தொலைபேசியில் பேச்சு குழம்புவதற்குக் காரணம், குரலில் உள்ள உயர்ந்த சுருதிகளும் தாழ்ந்த சுருதிகளும் கம்பியில் வெவ்வேறு வேகத்தில் போய், வெவ்வேறு அளவில் தேய்வது. 1887இல் ஹெவிசைட் இதற்கான கணக்கை முடித்தார். கம்பியின் மின்தடையை மின்தேக்கத்தால் பெருக்கினால் வரும் எண்ணும், தூண்டத்தைக் கசிவால் பெருக்கினால் வரும் எண்ணும் சமமாக இருந்தால் எல்லாச் சுருதிகளும் ஒன்றாகப் போய்ச் சேரும். ஒலி குறையும், ஆனால் குழம்பாது. சாதாரணக் கம்பியில் தூண்டம் மிகக் குறைவு. ஆகவே அதைக் கூட்ட வேண்டும். வழிநெடுக இடைவெளி விட்டுச் சுருள்களை வைக்கலாம் என்பது அவர் யோசனை.

பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் தந்திப் பிரிவில் அப்போது செல்வாக்குப் பெற்றிருந்தவர் வில்லியம் பிரீஸ். தூண்டம் பேச்சைக் கெடுக்கும் என்று அவர் உறுதியாக நம்பினார். ஹெவிசைட் தம் அண்ணன் ஆர்தருடன் சேர்ந்து எழுதிய கட்டுரை தடுக்கப்பட்டது. ஆர்தர் அதே துறையில் வேலை பார்த்ததால் மேலிடத்தை மீற முடியவில்லை. ஹெவிசைட்டின் தொடரைப் பல ஆண்டுகளாக வெளியிட்டுவந்த எலக்ட்ரீஷியன் என்ற இதழும் அதே 1887இல் ஆசிரியர் மாறியதும் அதை நிறுத்திவிட்டது.

சுருள் யோசனைக்கு ஹெவிசைட் காப்புரிமை எடுக்கவில்லை. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1900இல், அமெரிக்காவில் மைக்கேல் பூபின் அதற்குக் காப்புரிமை பெற்றுப் பெரும் செல்வந்தரானார். ஹெவிசைட்டுக்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை.

கணிதர்களோடும் அவருக்கு ஒத்துப்போகவில்லை. 1890களில் குவாட்டர்னியன் ஆதரவாளரான பீட்டர் கத்ரி டேட் ஒரு பக்கமும், கிப்ஸும் ஹெவிசைட்டும் மறுபக்கமுமாக நேச்சர் இதழில் வாதம் நடந்தது. ஹெவிசைட்டின் எழுத்தில் கிண்டல் அதிகம், எதிரிகளும் அதிகமானார்கள். 1891இல் ராயல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. ஆனால் 1894இல் அதே கழகம், அவருடைய நிறுவல்கள் போதிய கண்டிப்புடன் இல்லை என்று கருதி, ஒரு கட்டுரைத் தொடரின் மூன்றாம் பகுதியை வெளியிட மறுத்தது. அவர் முறை சரியான விடை தந்தது, ஏன் தருகிறது என்பதைக் கணிதர்கள் பின்னாளில் நிறுவினார்கள்.

இதைப் படிக்கும்போது எனக்கு ஒரு சங்கடம் வந்தது. என் தாளில் இரண்டு மதிப்பெண் போட்ட விரிவுரையாளர் பக்கம் நியாயம் இருந்தது. ஹெவிசைட் விதியை மீறியபோது அவரிடம் சரியான விடை இருந்தது. என்னிடம் தவறான விடைதான் இருந்தது. மேதைகளும் குறைந்த மதிப்பெண் வாங்கினார்கள் என்று சொல்லி நான் தப்பிக்க முடியாது.

கடைசி ஆண்டுகள்

1889இல் குடும்பம் டெவன் மாவட்டத்தின் பெயின்டன் ஊருக்குக் குடிபெயர்ந்து, இன்னோர் அண்ணன் நடத்திய இசைக்கருவிக் கடையின் மேல்மாடியில் வசித்தது. பெற்றோர் இறந்த பிறகு அவர் தனித்துப்போனார். 1896இல் நண்பர்கள் முயன்று அரசிடமிருந்து ஆண்டுக்கு 120 பவுன் உதவித்தொகை வாங்கித் தந்தார்கள். 1908 முதல் டார்க்கி நகரில் வசித்தார். காதும் உடலும் மோசமாயின. அண்டை அயலாருக்கு அவர் ஒரு விசித்திரக் கிழவர். தம் பெயருக்குப் பின்னால் புழு என்று பொருள்படும் நான்கு எழுத்துகளைப் பட்டம் போலப் போட்டுக் கையெழுத்திட்டார்.

ஆனாலும் சிந்தனை நிற்கவில்லை. 1901இல் மார்க்கோனியின் வானொலிச் சமிக்ஞை அட்லாண்டிக் கடலைத் தாண்டியது. நேராகச் செல்லும் அலை வளைந்த பூமியைச் சுற்றி எப்படிப் போனது? வானின் மேலே மின்கடத்தும் அடுக்கு ஒன்று இருக்கலாம் என்று 1902இல் ஹெவிசைட் எழுதினார். அமெரிக்காவில் ஆர்தர் கென்னலியும் அதையே சொன்னார். அந்த அடுக்கு இருப்பதை எட்வர்ட் ஆப்பிள்டன் 1924 இறுதியில் சோதனையில் காட்டினார். 1922இல் மின்பொறியாளர் கழகம் தன் முதல் ஃபாரடே பதக்கத்தை ஹெவிசைட்டுக்கு வழங்கியது. அவர் லண்டனுக்கு வரமாட்டார் என்பதால் கழகத் தலைவரே டார்க்கிக்குப் போய்க் கொடுத்தார். 1925 பிப்ரவரி 3ஆம் நாள், 74 வயதில், ஹெவிசைட் காலமானார். பெயின்டனில் பெற்றோரின் கல்லறையிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அப்பாவின் சுருள்

பருவ விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது, அப்பா சாமான் அறையிலிருந்து ஒரு பழைய சுருளை எடுத்து வந்து மேசையில் வைத்தார். வளையல் போன்ற கருப்பு உலோக வளையம், அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பி. பார்ப்பதற்குச் சிறியது, கையில் எடுத்தால் கனம்.

ஒரு தாளில் கம்பியை வரைந்து, சுருளை ஏன் வைத்தார்கள் என்று விளக்கினேன். தொடக்கப்பள்ளிக்குப் பிறகு கணக்கை நான் தமிழில் பேசியதே இல்லை. முதலில் தடுமாறினேன். சுருதி, வேகம், தேய்மானம், கசிவு என்று சொல் வரச் சொல் வர எனக்கே தெளிவானது. பிறகு கம்பியைச் சுற்றி வட்ட வட்டமாகக் காந்தப்புலத்தையும், குறுக்கே மின்புலத்தையும் போட்டு, ஆற்றல் கம்பிக்கு வெளியே போகிறது என்றேன்.

அப்பா தாளைத் தம் பக்கம் திருப்பி நெடுநேரம் பார்த்தார். பிறகு சிரித்தார். முப்பது வருடமாகக் கம்பிக்குள்ளே இருப்பதைத்தான் சரிசெய்கிறோம் என்று நினைத்திருந்தாராம். அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. சுருள்களைச் சரியாக எவ்வளவு தூரத்துக்கு ஒன்று வைக்க வேண்டும் என்று எப்படி முடிவு செய்தார்கள் என்று கேட்டார்.

துறை மாறும் விண்ணப்பத்தை நான் அனுப்பவில்லை. இறுதித் தேர்வு அடுத்த வாரம். நான்கு உறுப்புகளையும் பாராமல் எழுதிவிடுவேன். அப்பாவின் கேள்விக்கான கணக்கு இன்னும் என் குறிப்பேட்டில் பாதியில் நிற்கிறது.